மேகத்துக்குள் காது சொல்லும் பொய்

அமாவாசை இரவில் திருவொற்றியூர்க் கரையில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கொட்டியிருக்கும் பாறைகளின் மேல் நின்று கிழக்கே பார்ப்பவருக்கு, கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. காசிமேட்டிலிருந்து போன படகுகளின் விளக்குகள், சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் இடம் கிடைக்கக் காத்து நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள், அவற்றுக்குச் சற்று மேலே தாழ்ந்த விண்மீன்கள் எல்லாம் ஒரே கருப்பில் பதித்த புள்ளிகளாகத்தான் தெரியும். பாறையில் காலூன்றி நிற்பவருக்கு இதனால் நட்டம் ஒன்றும் இல்லை. அதே இருட்டில் 3,000 அடி உயரத்தில் ஒற்றை எஞ்சின் செஸ்னா ஓட்டிவரும் ஒருவருக்கு நிலைமை வேறு. சாய்வான வரிசையில் நிற்கும் நாலைந்து கப்பல் விளக்குகள் அவர் கண்ணுக்குத் தொடுவானமாகத் தோன்றிவிட்டால், அந்தச் சாய்வுக்கு ஏற்ப விமானத்தைச் சாய்ப்பார். சாய்த்த பிறகு நேராகப் பறப்பதாகவே உணர்வார். சூரியன் மறைந்த பிறகு, கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி ஊர்விட்டு ஊர் பறக்க இந்தியாவில் பொதுவாக அனுமதி இல்லை. அந்தத் தடை எவ்வளவு நியாயமானது என்பது இந்தக் கரையில் நின்றாலே விளங்கும்.

மழை, மேகம், புகைமூட்டம், இருட்டு ஆகியவற்றுக்குள் வெளியே எதையும் பார்க்காமல், முன்னால் இருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டுவது தனிப் பயிற்சி, தனித் தகுதிச் சான்று. கேட்பவர்கள் பெரும்பாலும் நினைப்பது, அந்தக் கருவிகளைப் படிக்கக் கற்பதுதான் அதில் கடினம் என்று. அது கடினமே இல்லை. ஆறு முகப்புகள், ஒவ்வொன்றும் என்ன காட்டுகிறது என்பதைச் சில நாளில் யாரும் படித்துவிடலாம். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. முள் ஒன்றைக் காட்டும்போது உடம்பு முழுவதும் அதற்கு நேர்மாறாகச் சத்தியம் செய்யும். அப்போது உடம்பை மறுத்து முள்ளின் பக்கம் நிற்கப் பழக வேண்டும். மேகத்துக்குள் போய் உயிரிழந்த விமானிகளில் பலர் காற்றாலோ மழையாலோ சாகவில்லை. தங்கள் உட்காது சொன்னதை நம்பியதால் இறந்தார்கள். விமானப் பயிற்சியின் மையமாக இருக்க வேண்டியது இந்த உண்மை என்பதே இங்கே சொல்ல வருவது.

உட்காதில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, மூன்று திசைகளில் வளைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள். அவற்றுக்குள் திரவம் நிரம்பியிருக்கும். குழாயின் ஓரிடத்தில் பாகு போன்ற சிறு மடல், அதன் அடியில் உணர்மயிர்கள். தலை திரும்பும்போது குழாய் உடனே திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும், மடல் வளையும், திரும்புகிறோம் என்று மூளைக்குச் செய்தி போகும். ஆனால் ஒரே வேகத்தில் தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், பத்து இருபது விநாடிக்குள் திரவம் குழாயின் வேகத்தை எட்டிப்பிடித்துவிடும். மடல் நிமிர்ந்துவிடும். திரும்பிக்கொண்டுதான் இருப்போம், காது மட்டும் நின்றுவிட்டதாகச் சொல்லும். அந்நேரம் உண்மையிலேயே நின்றால் திரவம் முன்னோக்கி ஓடி மடலை எதிர்ப்பக்கம் வளைக்கும். எதிர்த்திசையில் சுற்றுவதாகத் தோன்றும். தட்டாமாலை சுற்றிவிட்டு நின்ற குழந்தை, உலகம் மறுபக்கம் சுற்றுகிறது என்று கீழே விழுவது இதனால்தான். மண்ணில் விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுந்துவிடலாம். இரண்டாவது ஏற்பாடு, சின்னஞ்சிறு கல்துகள்கள் பதித்த இரண்டு பைகள். எது கீழ்ப்பக்கம் என்பதைச் சொல்வது இவற்றின் வேலை. ஆனால் புவியீர்ப்பையும் வேகமாற்றத்தையும் பிரித்தறியும் திறன் இவற்றுக்கு இல்லை. ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது உடம்பு இருக்கையில் பின்னுக்கு அழுந்துகிறதே, அந்த அழுத்தத்தை இந்தக் கற்கள் ‘மூக்கு மேலே தூக்குகிறது’ என்று படிக்கும். மீனம்பாக்கத்திலிருந்து இரவில் கிழக்கு நோக்கிக் கிளம்பும் விமானம் நகரத்து விளக்குகளைத் தாண்டிச் சில நிமிடத்தில் இருண்ட கடலின் மேல் போய்விடும். பார்க்க எதுவும் இல்லாத அந்த இடத்தில், தூக்கல் அதிகமென்று நினைத்து மூக்கைத் தாழ்த்தும் விமானி கடலை நோக்கிப் போகிறார்.

இதோடு முடியவில்லை. சரியாகச் சாய்த்துத் திருப்பப்படும் விமானத்தில், ஈர்ப்பும் திருப்பத்தின் வெளித்தள்ளலும் சேர்ந்து உண்டாக்கும் கூட்டுவிசை எப்போதும் விமானத்தின் தரையை நோக்கியே இருக்கும். முப்பது பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தில் மடிப்பலகை மேல் வைத்த தண்ணீர்க் குவளை தளும்பாது. நீர்மட்டம் பலகைக்கு இணையாகவே நிற்கும். பயணியின் எடை பதினைந்து விழுக்காடு கூடியிருக்கும். அதையும் யாரும் கவனிப்பதில்லை. ஆக, சாய்வை உணர்த்த வேண்டிய கல்துகள்களுக்குச் சாய்வே தெரியாது. திருப்பத்தை உணர்த்த வேண்டிய குழாய்களோ சில விநாடியில் ஓய்ந்துவிடும். இனி நடப்பதை விமானிகள் ‘கல்லறைச் சுருள்’ என்பார்கள். விநாடிக்கு இரண்டு பாகைக்கும் குறைவான மெதுவான உருளலில் ஒரு இறக்கை தாழ்கிறது. காதுக்கு எட்டாத அளவு அது. சாய்ந்த விமானம் தானாகத் திரும்பத் தொடங்குகிறது, மூக்கு தாழ்கிறது, வேகம் ஏறுகிறது. உயரம் குறைவதை விமானி முள்ளில் பார்க்கிறார். தான் நேராக இருப்பதாக உடம்பு உறுதி சொல்வதால், மூக்கு மட்டும்தான் தாழ்ந்திருக்கிறது என்று எண்ணிக் கட்டுப்பாட்டுத் தண்டை இழுக்கிறார். சாய்ந்த நிலையில் இழுத்தால் விமானம் ஏறாது. சுருள் இன்னும் இறுகும். இழுக்க இழுக்க இறுகி, தரையில் மோதும் வரை அல்லது இறக்கை முறியும் வரை போகும். நடுவில் சந்தேகம் வந்து இறக்கையை நிமிர்த்தினாலும், காதுக்குள் திரவம் மறுபக்கம் ஓடி, எதிர்ப்பக்கம் கவிழ்வதாகக் கூச்சலிடும். உடனே பழைய சாய்வுக்கே திரும்பிவிடுவார். உடம்புக்கு அதுதான் நேர்.

இது ஊகமில்லை, நூறாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்த்தது. காதின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரில் ஒரு சுழல்நாற்காலி உண்டு. 1926இல் சான் பிரான்சிஸ்கோவில், டேவிட் மையர்ஸ் என்ற ராணுவ மருத்துவர், வில்லியம் ஆக்கர் என்ற தேர்ந்த விமானியை அதில் கண்ணைக் கட்டி உட்காரவைத்துச் சுற்றினார். எந்தப் பக்கம் சுற்றுகிறது, நின்றுவிட்டதா என்ற கேள்விகளுக்கு ஆக்கர் சொன்ன பதில்கள் எல்லாம் தவறு. ஆக்கர் சும்மா போகவில்லை. எல்மர் ஸ்பெரி செய்திருந்த திருப்பங்காட்டிக் கருவி ஒன்றையும் சிறு விளக்கையும் ஒரு பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு திரும்ப வந்தார். முகத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் சுற்றச் சொன்னார். இம்முறை எல்லாப் பதிலும் சரி. அதே மனிதர், அதே காது. மாறியது அவர் யாரை நம்பினார் என்பது மட்டுமே. மூன்றாண்டு கழித்து, 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கின் மிச்செல் ஃபீல்டில் ஜிம்மி டூலிட்டில் விமானியறையைத் துணியால் மூடிக்கொண்டு கிளம்பி, வட்டமடித்து, வெளியே ஒருமுறைகூடப் பார்க்காமல் தரையிறங்கினார். செயற்கைத் தொடுவானம், ஜைரோவில் இயங்கும் திசைகாட்டி, துல்லியமான உயரமானி, வானொலிக் கற்றை ஆகியவை அவருக்குத் துணை. ஆபத்துக்கு உதவ இன்னொரு விமானி முன்னிருக்கையில் இருந்தார், அவருக்கு வேலை வரவில்லை. இன்று மார்கழிப் பனியிலும் ஐப்பசி மழையிலும் விமானங்கள் இறங்குவதற்கெல்லாம் வேர் அந்த நாளில் இருக்கிறது.

பயிற்சி பெறாத விமானி மேகத்துக்குள் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதையும் அளந்தார்கள். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாதபடி செய்து ஓட்டவைத்தனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். 19 பேர் கல்லறைச் சுருளுக்குள் போனார்கள். அதுவரை கடந்த நேரத்தின் சராசரி 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. உலகெங்கும் விமானப் பள்ளிகளில் இந்த எண்ணைச் சொல்லி மாணவர்களைப் பயமுறுத்துவார்கள். அந்த ஆய்வின் இரண்டாம் பாதியைத்தான் பலரும் சொல்வதில்லை. அதே ஆட்களுக்கு எளிய வழிமுறை ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள்: மேகத்துக்குள் நுழைந்ததும் கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து கையை எடு, சக்கரத்தை இறக்கி வேகத்தைக் கட்டுப்படுத்து, திருப்பங்காட்டியை மட்டும் பார்த்து, காலால் சுக்கானை மிதித்து, மெதுவாக வந்த வழியே திரும்பு. பயிற்சிக்குப் பின் ஏறக்குறைய எல்லா முயற்சிகளிலும் அவர்கள் பிழைத்து வெளியே வந்தார்கள். கையை எடு என்ற முதல் கட்டளையைக் கவனிக்க வேண்டும். விமானம் தன்போக்கில் ஓரளவு நிலையாகவே பறக்கக்கூடியது. அதைக் கவிழ்த்தது ஏமாந்த காதுக்குக் கீழ்ப்படிந்த கை.

அனுபவம் மிக்கவர்களுக்கு இதெல்லாம் நேராது என்பார்கள். தமிழ்நாட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது, துயரமான பதில். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த விமானப்படையின் எம்.ஐ.-17வி5 ஹெலிகாப்டர், குன்னூருக்கு அருகே காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உள்ளிட்ட 13 பேர் அன்றே இறந்தனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி மறைந்தார். மலைரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்த காணொளியில் ஹெலிகாப்டர் தெளிவாகத் தெரிகிறது. சில விநாடியில் வெள்ளைத் திரைக்குள் போகிறது. பிறகு ஒலி மட்டும். முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவை 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவு இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசைமயக்கம் ஏற்பட்டு, கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே ஹெலிகாப்டர் மலையில் மோதியது என்றது அந்த அறிக்கை. நாட்டின் முதன்மைத் தளபதியை ஏற்றிச் செல்லும் விமானி புதியவராக இருக்க முடியாது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவருக்கும் உட்காது அதே உட்காதுதான். பறந்த மணிக்கணக்கு அதன் திரவத்தை மாற்றாது. வெளியே பார்த்துப் பறப்பதிலிருந்து உள்ளே பார்த்துப் பறப்பதற்கு மாறும் அந்தச் சில விநாடிகளே மிகக் கொடியவை. மாறப் போகிறோம் என்று முன்பே முடிவுசெய்தவருக்கு அது வேலையில் ஒரு படி. இதோ தெளிந்துவிடும், அதோ தரை தெரிகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறவருக்கு அது பொறி.

வானிலை அறிக்கையில் பார்வைத்தூரம் போதுமென்று சொன்னால் பயமில்லையே என்ற எண்ணமும் தவறு. வடசென்னை வானம் இதற்கு நல்ல பாடம். மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத்தொழிற்சாலையும், எண்ணூர் வட்டாரத்தின் அனல்மின் நிலையங்களும், துறைமுகச் சாலையில் வரிசைகட்டும் கண்டெய்னர் லாரிகளும் காற்றில் நுண்துகளை நிரப்புகின்றன. கடற்காற்று உப்பைச் சேர்க்கிறது. ஈரப்பதம் ஏற ஏற இந்தத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருத்து, ஒளியைச் சிதறடிக்கின்றன. தை பிறக்கும் முன் குளிர்ந்த விடியலில் தரையருகே குளிர்காற்றும் அதன் மேல் வெதுவெதுப்பான காற்றும் மூடிபோட்டாற்போல் நிற்கும். போகியன்று எரிக்கும் பாயும் டயரும் அந்த மூடிக்கு அடியில் தேங்கும். 2018 போகியன்று சென்னைக்கு வந்த பல விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு அடர்த்தியான நாளில் சிறுவிமானம் எப்படியும் கிளம்பாது. ஆபத்தான நாள் அரைகுறையான நாள்தான்: கீழே நோக்கினால் தெருக்கள் தெரியும், எட்டுக் கிலோமீட்டர் பார்வைத்தூரம் என்று தாளில் இருக்கும், எதிரே மட்டும் பழுப்பு மூட்டத்தில் தொடுவானம் கரைந்து போயிருக்கும். கண்ணுக்கு வேண்டியது தூரம் மட்டும் அல்ல, ஒரு கோடு. 1999 ஜூலையில் அமெரிக்காவின் ஜான் கென்னடி இளையவர் தன் சிறுவிமானத்தில் மனைவியோடும் அவர் சகோதரியோடும் இரவில் கடலின் மேல் பறந்து மாண்டது இப்படித்தான். அன்று பார்வைத்தூரம் சட்டப்படி போதுமானதாக இருந்தது; மூட்டமும் இருட்டும் சேர்ந்து தொடுவானத்தை அழித்திருந்தன. கருவிப் பயிற்சியை அவர் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை. திசைமயக்கமே காரணம் என்றது அந்நாட்டு விசாரணை வாரியம்.

சரி, காதை நம்பக் கூடாது. கருவி மட்டும் பழுதாகாதா? பலமான கேள்வி. 1978 ஜனவரி 1 இரவு, பம்பாய் சாந்தாகுரூஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ என்ற போயிங் 747, கடலின் மேல் வலப்பக்கம் திரும்பி நிமிர்ந்தது. கேப்டனின் செயற்கைத் தொடுவானம் மட்டும் இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே கருங்கடல், கருவானம். அந்த ஒரு முகப்பை நம்பி அவர் இடப்பக்கம் உருட்டினார், விமானம் கவிழ்ந்து பாந்த்ரா கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. முள்ளை நம்பியவர்தானே இறந்தார் என்று இதை எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் துணைவிமானியின் முகப்பு சரியாக இருந்தது, மாற்றுத் தொடுவானக் கருவி சரியாக இருந்தது. ஃபிளைட் இன்ஜினியர் எச்சரிக்க முயன்றதும் குரல்பதிவில் இருக்கிறது. ஒரு கருவி பொய் சொன்னது, மற்றவை உண்மை சொல்லிக்கொண்டிருந்தன. கருவிப் பறத்தல் என்பது ஒரு முள்ளின் மேல் வைக்கும் பக்தி கிடையாது. பல சாட்சிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு உண்மையை எடுக்கும் விசாரணை. அந்த விசாரணையில் காது மட்டும் சாட்சியாக வரக் கூடாது.

சிறுவிமானத்தின் முகப்புப் பலகையை அருகில் பார்த்தால் இந்த விசாரணை எப்படி அமைந்திருக்கிறது என்பது தெரியும். செயற்கைத் தொடுவானமும் திசைகாட்டியும் வேகமாகச் சுழலும் ஜைரோவால் இயங்குபவை. பழைய செஸ்னாக்களில் அந்த ஜைரோவைச் சுற்றுவது எஞ்சின் ஓட்டும் காற்றுறிஞ்சிப் பம்பு. வேகமானி, உயரமானி, ஏற்ற இறக்கங்காட்டி மூன்றும் காற்றழுத்தத்தால் இயங்குபவை. திருப்பங்காட்டி பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும். மூன்று வெவ்வேறு ஆதாரங்கள். ஒன்று போனாலும் மற்றவை இயங்கும். பம்பு பழுதானால் செயற்கைத் தொடுவானம் சட்டென்று அணைந்துவிடாது. ஜைரோ வேகமிழந்து, சில நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். மெதுவாகச் சாய்வதால்தான் ஏமாற்றும். ஆனால் தொடுவானம் இடப்பக்கச் சாய்வைக் காட்ட, திருப்பங்காட்டி நேராக நிற்க, திசையும் மாறாமல் இருந்தால், இரண்டுக்கு ஒன்று, தொடுவானம் பொய். பயிற்றுநர்கள் அந்த முகப்பின் மேல் ஒரு ரப்பர் வட்டையை ஒட்டி மறைத்துவிட்டு, மிச்சம் இருப்பதைக் கொண்டு ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். மாணவரின் கண் தொடுவானத்தில் தொடங்கி, உயரம், திரும்பத் தொடுவானம், திசை, திரும்பத் தொடுவானம், வேகம் என்று ஓயாமல் சுற்றிவர வேண்டும். எந்த முகப்பிலும் இரண்டு விநாடிக்கு மேல் தங்கினால் மற்றொன்று நழுவும். உயரத்தைச் சரிசெய்வதிலேயே மூழ்கி நிமிர்ந்து பார்த்தால் திசை இருபது பாகை விலகியிருக்கும்.

இறங்கும்போது இந்த வேலை உச்சத்துக்குப் போகும். ஐ.எல்.எஸ். என்னும் வானொலி ஏற்பாடு, ஓடுபாதையின் நடுக்கோட்டை ஒரு முள்ளாலும், மூன்று பாகை சரிவை இன்னொரு முள்ளாலும் காட்டுகிறது. 90 நாட் வேகத்தில் வரும் சிறுவிமானம் அந்தச் சரிவில் நிமிடத்துக்குச் சுமார் 480 அடி இறங்க வேண்டும். முதல் வகை இறங்குமுறையில் 200 அடி உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட வேண்டும். அங்கிருந்து தரையைத் தொட 25 விநாடிதான். தெரியவில்லையென்றால் முழு விசை கொடுத்து மேலேற வேண்டும். அந்த நொடியில்தான், வேகமெடுப்பதால் மூக்கு வானத்தைப் பார்க்கிறது என்று காது கத்தும். தாழ்த்தச் சொல்லும். தாழ்த்தக் கூடாது.

ஆட்டோபைலட்டும் ஜி.பி.எஸ்.ஸும் வண்ணத்திரைகளும் வந்தபின் இந்தப் பழைய பாடு எதற்கு என்பது அடுத்த வாதம். அவை வந்ததால் விமானப் பயணம் பாதுகாப்பாகியிருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்டோபைலட்டும் அதே உணர்கருவிகளை நம்பியே ஓடுகிறது. அவை முரண்படும்போது தன் வேலையை மனிதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகுகிறது. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447இல் வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்தது, ஆட்டோபைலட் விலகியது. ஒரு நிமிடத்துக்குள் குழாய்கள் சரியாகிவிட்டன. அதற்குள் விமானி மூக்கை அளவுக்கு மீறித் தூக்கியிருந்தார், விமானம் தாங்குவிசையை இழந்து விழத் தொடங்கியிருந்தது. 228 பேர் அட்லாண்டிக்கில் மாண்டனர். நிலையைக் காட்டும் திரையும் உயரமானியும் அந்த நேரம் முழுக்க வேலை செய்தன. இருட்டில், புயல்மேகத்துக்கு அருகில், கையால் ஓட்டும் பழக்கம் அருகிப்போன கைகளில் விமானம் வந்து சேர்ந்தது. ஆட்டோபைலட் நல்ல துணை. அது கைவிடும் நேரமே மிக மோசமான நேரமாக இருக்கும் என்பதால், கையால் ஓட்டும் பயிற்சி முன்னைவிட இப்போது அவசியம்.

தரைச் சிமுலேட்டரில் பழகினால் போதாதா என்பதற்கும் இதே அளவுகோல். கண் சுற்றிவரும் ஒழுங்கு, இறங்குமுறைகள், வானொலிப் பேச்சு, கருவி பழுதாவதைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் அதில் நன்றாகவே கற்கலாம். பெட்ரோல் செலவும் மிச்சம். ஆனால் சாதாரணப் பயிற்சிப் பள்ளியின் சிமுலேட்டர் அசையாது. அதில் உட்கார்ந்திருப்பவரின் காது உண்மையே சொல்கிறது: நீ நாற்காலியில் இருக்கிறாய் என்று. பொய்யே வராத இடத்தில் பொய்யை மறுக்க எப்படிப் பழகுவது? நெற்றியில் மறைப்பு மாட்டி, முகப்புப் பலகை தவிர வேறெதுவும் தெரியாமல், பக்கத்தில் பயிற்றுநரோடு உண்மையான விமானத்தில் பறக்கும்போதுதான் அந்தப் பொய் முழு வலுவோடு வரும். தலை குனிந்து, கீழே விழுந்த வரைபடத்தை எடுக்கச் சொல்வார் பயிற்றுநர். நிமிரும்போது குழாய்கள் மூன்றும் ஒன்றாகக் குழம்பி விமானமே குட்டிக்கரணம் போடுவதாகத் தோன்றும். முள்கள் அசையாமல் நிற்கும். இந்த அனுபவத்தை உடம்பு ஒருமுறையாவது படவேண்டும். பலமுறை பட்டால் இன்னும் நல்லது. விமானப்படை தன் விமானிகளை பெங்களூரு விண்வெளி மருத்துவ நிறுவனத்தில், திசைமயக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டும் கருவியில் உட்காரவைக்கிறது. தனியார் பயிற்சி மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை; அவருக்கு மறைப்புதான் ஆசிரியர்.

கருவிப் பயிற்சி எல்லா வானிலைக்கும் அனுமதிச் சீட்டு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது தீர்ப்பது ஒரே ஒரு சிக்கலை: வெளியே தெரியாதபோது விமானத்தை நேராக வைத்திருப்பது. ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலில் எழும் இடிமேகத்துக்குள் எந்த முள்ளும் சிறுவிமானத்தைக் காப்பாற்றாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் ஒரு பெரிய பயணிகள் விமானம் தரையைத் தொடும் தறுவாயில் பக்கக்காற்றில் தள்ளாடி மீண்டும் மேலேறிய காட்சியை ஊரே பார்த்தது. இறங்கியே தீர்வது என்று நிற்காமல் மேலேறியதுதான் அங்கே திறமை. நல்ல கருவிப் பயிற்சியும் இதைத்தான் கற்றுத்தருகிறது: உடம்பு சொல்வதை மறுப்பது போலவே, ஊர் போய்ச் சேர வேண்டும் என்று மனம் துடிப்பதையும் மறுக்க.

கருவித் தகுதிக்குச் சர்வதேச விதியும் இந்திய விதியும் கேட்பது 40 மணி நேரக் கருவிப் பயிற்சி; அதில் ஒரு பகுதியைச் சிமுலேட்டரில் முடிக்க இடமுண்டு. பள்ளிக்கு அது செலவு குறைவு, மாணவருக்கும் குறைவு. ஆகவே அந்த இடம் முழுவதும் நிரப்பப்படும். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் இன்று பிள்ளையை விமானியாக்கக் கடன் வாங்கும் குடும்பங்கள் இருந்தால், கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு பற்றிக் கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் பள்ளியில் கேளுங்கள். 40 மணியில் எத்தனை மணி உண்மையான விமானத்தில், மறைப்பு மாட்டி? தொடுவானக் கருவியை மூடிவிட்டு எத்தனை முறை இறங்கவைப்பீர்கள்? பயிற்றுநரோடு, அனுமதியோடு, உண்மையான மேகத்துக்குள் ஒருமுறையாவது கூட்டிப்போவீர்களா? விதி குறைந்தபட்சத்தை மட்டுமே சொல்கிறது. அதற்கு மேல் பத்து மணி நேரம் பறக்கக் கூடுதலாகப் பணம் கட்ட முடியுமானால், மற்றச் செலவுகளைக் குறைத்துக்கொண்டு அதற்குக் கட்டுங்கள்.